மகள் பனியுகத்தை ஆராயப் போகிறேன் என்கிறாளா?

அன்புள்ள அம்மாவுக்கு,

"ஏரிச் சேற்றைத் தோண்டிப் பனியுகத்தை ஆராய்வதெல்லாம் ஒரு படிப்பா, இதை வைத்துப் பிழைக்க முடியுமா?" என்று கேட்டிருந்தீர்கள். முடியும். ஆனால் அந்தத் துறையின் அன்றாட வேலை உங்கள் மகளுக்குப் பிடித்தாக வேண்டும். அது என்ன வேலை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஏரியின் அடியில் ஆண்டுதோறும் சேறு படிகிறது. நீண்ட குழாயை இறக்கி, அடுக்குகள் குலையாமல் அந்தப் படிவை மேலே எடுப்பார்கள். ஆய்வகத்தில் அதைச் சிறு துண்டுகளாக்கி அமிலங்களில் இட்டால் மணலும் களிமண்ணும் கரைந்து, கெட்டியான உறை கொண்ட மகரந்தத் துகள்கள் மிஞ்சும். நுண்ணோக்கியில் ஒவ்வொரு துண்டுக்கும் சில நூறு துகள்களை இனம் பிரித்து எண்ண வேண்டும். ஸ்வீடன் நாட்டு நிலவியலாளர் லென்னார்ட் வான் போஸ்ட் இந்த எண்ணிக்கைகளை வரைபடமாக்கி முன்வைத்தது 1916இல். காடு எப்போது பின்வாங்கியது, புல்வெளி எப்போது பரவியது என்பதெல்லாம் அப்படித்தான் தெரியவந்தது. அடுக்கின் வயதை ரேடியோ கார்பன் முறை, அதாவது உயிர்ப்பொருள் எச்சத்தில் மிஞ்சியிருக்கும் கதிரியக்கக் கார்பனை அளக்கும் முறை சொல்லும், அதுவும் ஏறத்தாழ 50,000 ஆண்டுகள் வரைதான்.

இந்தத் துறையின் சுவையே சாட்சிகள் முரண்படும்போதுதான் தெரியும். கடைசிப் பனியுகம் முடியும் தறுவாயில் பிரிட்டனில் படிந்த அடுக்குகளில் மரங்களின் மகரந்தம் மிகக் குறைவு. அப்படியென்றால் கடுங்குளிர் என்றுதானே தோன்றும்? ஆனால் பூச்சிப் புதைபடிவங்களை ஆராய்ந்த ரஸ்ஸல் கூப் அதே காலத்துப் படிவுகளில் கண்டெடுத்த வண்டுகளின் உடல் ஓடுகள், இதமான வெப்பத்தில் வாழும் இனங்களுடையவை. வெப்பம் ஏறியதும் வண்டுகள் விரைவாக வந்து சேர்ந்துவிட்டன. விதை விழுந்து, முளைத்து, வளர்ந்து பரவ வேண்டிய மரங்கள் வெகுவாகப் பின்தங்கின. மகரந்தத்தை மட்டும் நம்பியிருந்தால் வெப்பம் ஏறிய காலத்தையே தவறாகக் கணித்திருப்பார்கள். எந்தச் சாட்சி எவ்வளவு தாமதமாகப் பேசும் என்று எடைபோடும் இந்தப் பழக்கம்தான் உங்கள் மகளுக்குக் கிடைக்கப்போகும் பெரிய சொத்து என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வேலை விஷயத்தை மறைக்க மாட்டேன். பனியுக ஆய்வை மட்டுமே செய்யும் நிரந்தரப் பணிகள் குறைவு. பெரும்பாலும் முனைவர் பட்டம் வேண்டும். ஆனால் மகரந்தத் துகள் போன்ற நுண்ணிய புதைபடிவங்களைப் பற்றிய இதே அறிவு எண்ணெய், எரிவாயு தேடும் நிறுவனங்களில் பாறை அடுக்குகளின் வயதைக் கணிக்கப் பயன்படுகிறது. படிவுகளை வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு நிலத்தடி நீர் ஆய்விலும், கட்டுமானத்துக்கு முன் செய்யும் மண் ஆய்விலும், சுற்றுச்சூழல் மதிப்பீட்டிலும், அருங்காட்சியகங்களிலும் இடம் உண்டு.

ஆகவே இளநிலையிலேயே குறுகிய பெயர் கொண்ட பட்டத்தைத் தேட வேண்டாம். நிலவியல் எடுக்கட்டும், உயிரினங்களில்தான் ஆர்வம் என்றால் தாவரவியலோ விலங்கியலோ எடுக்கலாம். கூடவே வேதியியலும் புள்ளியியலும் கட்டாயம், கொஞ்சம் கணினி நிரலாக்கமும். எண்களைக் கண்டு ஒதுங்குபவர்கள் இந்தத் துறையில் பாதி வழியில் நின்றுவிடுகிறார்கள்.

விடுமுறையில் ஏதாவது ஓர் ஆய்வகத்தில் சில வாரங்கள் உதவியாளராக இருக்க அனுமதி கேளுங்கள். நுண்ணோக்கி முன் நாள் முழுக்க உட்கார்ந்து எண்ணிய பிறகும் மறுநாள் அவளாகவே கிளம்பினால், தயங்காமல் சேர்த்துவிடுங்கள். சேரும் முன், அங்கே முன்பு படித்தவர்கள் இப்போது எங்கே வேலை பார்க்கிறார்கள் என்று துறைத் தலைவரிடம் நேரில் கேட்டுக்கொள்ளுங்கள்.