பிரதோஷத்தன்று ஹவுசி வேண்டாம்: முதியோர் குடியிருப்பு கேள்வி-பதில்

ஓய்வுக்காலக் குடியிருப்புகளில் மாதாந்திர நடப்பு பற்றி வாசகர்கள் எழுதியிருந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில்கள்.

எங்கள் குடியிருப்பில் 120 வீடுகள். இந்த வருடம் நிகழ்ச்சிக் கமிட்டியில் என்னைச் சேர்த்திருக்கிறார்கள். பஜனை, ஹவுசி (எண்களைச் சொல்லச் சொல்ல டிக்கெட்டில் அடிக்கும் தம்போலா ஆட்டம்), சினிமா, டாக்டர் பேச்சு என்று மாதம் 14 நிகழ்ச்சி போடுகிறோம். எதற்கும் அதே 20 பேர்தான் வருகிறார்கள். மற்றவர்களை எப்படி வரவழைப்பது?
- வாசகி, வடவள்ளி, கோவை

பதினான்கு அதிகம். வாரத்துக்கு இரண்டு பொது நிகழ்ச்சி போதும். கேரம், சீட்டு, நூலகம் இவையெல்லாம் கமிட்டி தலையிடாமலே ஓடும். அவற்றை நிகழ்ச்சிக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

வராதவர்களுக்கு ஆர்வம் இல்லை என்று முடிவு கட்டிவிட வேண்டாம். பெரும்பாலும் நேரம்தான் ஒத்துவருவதில்லை. இதயக் கோளாறுக்கும் ரத்த அழுத்தத்துக்கும் நீர் பிரியும் மாத்திரையைக் காலையில் போடுபவர்கள், அடுத்த சில மணி நேரம் கழிப்பறை பக்கத்தில் இல்லாத இடத்தில் உட்கார யோசிப்பார்கள். காலை 10 மணிக்கு டாக்டர் பேச்சு வைத்தால் அந்த டாக்டரிடமே வைத்தியம் பார்ப்பவர்கள்கூட வரமாட்டார்கள். சனி, ஞாயிறு காலை அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள் வீடியோ காலில் வரும் நேரம். அங்கே அப்போது முந்தின நாள் ராத்திரி. அதில் கை வைக்கவே கூடாது. மாலை 4 மணி காபி முடிந்து 4.30க்கு ஆரம்பித்து 5.30க்கு முடிப்பது பொதுவாக ஒத்துவரும். இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடலாம். கண்புரை உள்ளவர்களுக்கு இது பெரிய விஷயம்.

நிகழ்ச்சிப் பட்டியல் போடும்போது பக்கத்தில் பஞ்சாங்கம் இருக்கட்டும். பிரதோஷ வேளையும் நீங்கள் வைக்கும் 4.30 மணியும் ஒன்றோடொன்று மோதும். அன்று ஹவுசி வைத்தால் கூட்டம் பாதியாகும். கோயிலுக்குப் போனவர்கள் மறுநாள் குறையும் சொல்வார்கள். ஏகாதசியில் பிறந்தநாள் விருந்து வைக்காதீர்கள். அமாவாசையன்று காலையில் எதுவுமே வேண்டாம். மாதத்தின் முதல் வாரம் பென்ஷன், பேங்க், மருந்துக் கடை, மாதக் கட்டணம் என்று எல்லாரும் அலைவார்கள். பெரிய நிகழ்ச்சிகளை இரண்டாவது வாரத்திலிருந்து வையுங்கள்.

பிறந்தநாள்களை மாதத்துக்கு ஒரே நாளில், கடைசிச் சனிக்கிழமை மாலை என்று வைத்துக்கொள்ளலாம். பட்டியல் எடுக்கும்போது ஆங்கிலத் தேதி, தமிழ் மாத நட்சத்திரம் இரண்டையும் கேளுங்கள். இந்தத் தலைமுறையில் பலருக்குச் சான்றிதழில் உள்ள தேதி, பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் போட்டது. வீட்டில் கொண்டாடுவது ஆவணி ரோகிணியாக இருக்கும். எதைச் சொல்கிறார்களோ அதையே எழுதுங்கள். அந்த வருடத்துக்குள் வீட்டில் துக்கம் நடந்திருந்தால், பெயரை வாசிக்கலாமா என்று முன்கூட்டியே தனியாகக் கேட்டுவிடுங்கள். கேக் முட்டையில்லாததாக இருக்கட்டும். பாயசத்தை டம்ளரில் ஊற்றாமல் 50 மில்லி பேப்பர் கப்பில் கொடுத்தால் சர்க்கரை உள்ளவர்களும் சங்கடமில்லாமல் வாங்கிக்கொள்வார்கள்.

அடுத்த மாதப் பட்டியலை 25ஆம் தேதிக்குள் ஒட்டிவிடுங்கள். ஏ3 தாளில், லிஃப்டுக்குள்ளும் சாப்பாட்டுக் கூடத்தில் கை கழுவும் இடத்துக்கு மேலேயும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்புங்கள், பி.டி.எஃப். அனுப்பினால் பலருக்குத் திறக்காது. இன்னொன்று: வராதவரிடம் "ஏன் வரவில்லை?" என்று கேட்பதைவிட ஒரு வேலை கொடுப்பது பலிக்கும். சீட்டு விநியோகம், மணி பார்ப்பது, பாட்டுப் புத்தகம் அடுக்குவது என்று எதுவாக இருந்தாலும் சரி.

ஹவுசியில் ஒவ்வொரு முறையும் சண்டை. "எண் காதில் விழவில்லை", "பரிசை நான்தான் முதலில் கேட்டேன்" என்று. நிறுத்திவிடலாமா?
- செயலாளர், குடியிருப்போர் சங்கம், பேரூர்

நிறுத்த வேண்டாம். பேச்சுக்கும் கச்சேரிக்கும் வராதவர்கள் இதற்கு மட்டும் வருவார்கள். சண்டை முக்கால்வாசி டிக்கெட்டிலும் எண் சொல்லும் விதத்திலும்தான் பிறக்கிறது.

கடையில் விற்கும் டிக்கெட் கைக்கடக்கமானது. அதில் 27 கட்டம், 15 எண். கண்ணாடி போட்டாலும் 3ம் 8ம் ஒன்றாகத் தெரியும். ஏ4 தாளுக்கு ஒரே டிக்கெட் என்று அச்சடித்துக்கொள்ளுங்கள். தாளை அகலவாட்டில் வைத்தால் எண் ஒன்றரை சென்டிமீட்டர் உயரத்துக்கு வரும். அடையாளம் வைக்கப் புளியங்கொட்டை வேண்டாம். கை நடுக்கம் உள்ளவர் முழங்கை பட்டால் மொத்தமும் சிதறும், ஆட்டம் போச்சு. தடித்த ஸ்கெட்ச் பேனா கொடுங்கள்.

எண் சொல்பவர் கூட்டத்தைப் பார்த்து, முகத்தில் வெளிச்சம் விழும்படி உட்கார வேண்டும். காது மந்தமானவர்கள் உதட்டைப் பார்த்தும் புரிந்துகொள்கிறார்கள். மைக்கை வாயை மறைத்துப் பிடித்தால் அதுவும் போய்விடும். டைல்ஸ் போட்ட கூடத்தில் ஒலியைக் கூட்டக் கூட்ட எதிரொலிதான் கூடும். காது மெஷின் வைத்திருப்பவர்களுக்கு அது வேதனை. ஒலியைக் குறைத்து அவர்களை முன்வரிசையில் உட்கார வையுங்கள். ஒவ்வொரு எண்ணையும் முழுதாகவும் பிரித்தும் சொல்லுங்கள்: "அறுபத்தேழு... ஆறு, ஏழு." ஆங்கிலத்தில் மட்டும் சொன்னால் தர்ட்டீனும் தர்ட்டியும் குழம்பும். சொன்ன எண்ணை உடனே பலகையில் எழுத ஒருவர் தனியாக வேண்டும். எண் சொல்பவரே எழுதினால் வேகம் போய்விடும். எண்ணுக்கு எண் 10 முதல் 12 விநாடி இடைவெளி. இந்த வேகத்தில் ஒரு ஆட்டம் கால் மணி நேரத்துக்குப் பக்கமாக முடியும். ஒரு மணி நேரத்தில் இரண்டு ஆட்டமும் நடுவில் ஒரு சுக்குக் காபியும்.

விதிகளை ஆரம்பிப்பதற்கு முன் வாசித்துவிடுங்கள். அடுத்த எண் வாயிலிருந்து வருவதற்குள் கையைத் தூக்கினால்தான் பரிசு. ஒரே எண்ணில் இருவர் பரிசு கேட்டால் பாதிப்பாதி. எண் விழாமலே தப்பாகப் பரிசு கேட்டால் அந்தப் பரிசு மட்டும் போகும். டிக்கெட்டையே வெளியேற்றுவது கிளப்புக்குச் சரி, 82 வயதுக்காரரிடம் செய்தால் அடுத்த மாதம் வரமாட்டார். அதிகச் சண்டை, முதலில் ஐந்து எண் அடித்தவருக்குப் பரிசு தரும் ஜல்தி ஃபைவில்தான். ஆரம்பத்திலேயே, எல்லாரும் ஒரே பரபரப்பில் இருக்கும்போது அது விழுகிறது. அதை எடுத்துவிட்டு நான்கு மூலை, மூன்று வரிசை, ஃபுல் ஹவுஸ் என்று வைத்துப் பாருங்கள்.

உணவுக் கமிட்டிக் கூட்டம் என்றாலே உப்பு பற்றிய வாக்குவாதம்தான். ஒருவருக்கு உப்பே இல்லை, இன்னொருவருக்கு உப்புக்கரிக்கிறது. "லோ சோடியம் உப்பு வாங்கிவிடலாம்" என்று ஒருவர் சொல்கிறார். சரியா?
- வாசகர், தொண்டாமுத்தூர்

பொது அடுப்பில் அதைப் போடவே கூடாது. அந்த உப்பில் சோடியத்தைக் குறைத்து அந்த இடத்தில் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், டெல்மிசார்டன், ஸ்பைரனோலாக்டோன் போன்ற ரத்த அழுத்த, இதய மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பையே பாதிக்கலாம். உங்கள் சாப்பாட்டுக் கூடத்தில் இவர்கள் ஒன்றிரண்டு பேராக இருக்கமாட்டார்கள்.

சாதாரண உப்பையே குறைத்துப் போட்டு, மேஜையில் உப்புக் கிண்ணம் வையுங்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது தலைதட்டிய ஒரு டீஸ்பூன், எல்லாம் சேர்த்து. சாம்பாரில் குறைத்துவிட்டு ஊறுகாயும் அப்பளமும் தினமும் வைத்தால் கணக்கு நேராகாது. அவற்றை வாரம் இரண்டு நாளாக்குங்கள். வயதானால் நாக்கும் மூக்கும் மந்தமாகும், அதனால்தான் "உப்பே இல்லை" என்ற குறை. எலுமிச்சை, மிளகு, பெருங்காயம், கடைசியில் தூவும் கொத்தமல்லி இவை அந்தக் குறையைப் பாதி தீர்க்கும்.

கேட்காத மூன்று விஷயங்களையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். கீரையை இஷ்டத்துக்கு ஒரு வாரம் நான்கு நாள், அடுத்த வாரம் பூஜ்யம் என்று போடாதீர்கள். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின், அசிட்ரோம் சாப்பிடுபவர்களுக்குக் கீரையின் அளவு ஏறி இறங்கினால் மருந்தின் வேலையும் ஏறி இறங்கும். செவ்வாய், வெள்ளி என்று நாள் குறித்துவிட்டால் அவர்கள் கீரையை விடவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம்.

தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில் போட்டு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி. 6 மணிக்கே காபி வந்து 6.15க்குப் பாத்திரம் எடுத்துவிட்டால் பலர் மாத்திரையையும் காபியையும் சேர்த்தே விழுங்குகிறார்கள். 7 மணி வரை ஃபிளாஸ்கில் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

அமாவாசையன்று தர்ப்பணம் செய்பவர்கள் காலை டிபன் சாப்பிடமாட்டார்கள், அவர்களில் இன்சுலின் போடுபவர்களும் உண்டு. அன்று பகல் சாப்பாட்டை வழக்கமான 12.30க்குப் பதில் 11 மணிக்குத் திறந்துவிடுங்கள், வெங்காயம் பூண்டு இல்லாமல். இரவு அவர்களுக்குச் சாதம் கிடையாது, இட்லியோ உப்புமாவோ இருக்க வேண்டும். இன்சுலின் போடுபவர்கள் அன்றைய அளவைத் தங்கள் டாக்டரிடம் முன்பே கேட்டு வைத்திருக்கட்டும்.

மாதம் ஒரு கோயில் என்று அழைத்துப் போகிறோம். இந்த முறை 30 பேர். பேரூரா, மருதமலையா?
- வாசகர், பன்னிமடை

முதல் பயணமென்றால் பேரூர். மருதமலையில் வண்டி மேலே போய் நின்ற பிறகும் படி உண்டு. ஏற முடியாதவர்கள் வண்டியிலேயே உட்கார்ந்திருக்க நேர்ந்தால் மனசு விட்டுவிடும். பேரூரில் பட்டீஸ்வரர் தரிசனம் முடிந்து கனகசபை மண்டபச் சிற்பங்களை நிதானமாகப் பார்க்கலாம்.

எங்கே போனாலும் காலை 7 மணிக்குக் கிளம்பி 10 மணிக்குள் பிராகாரத்தை விட்டு வெளியே வந்துவிடுங்கள். வெயில் ஏறினால் கருங்கல் சுடும். சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி மரத்தவர்களுக்குச் சூடு தெரியாது. வீட்டுக்கு வந்து பார்த்தால்தான் கொப்புளம் தெரியும். அவர்கள் தடித்த சாக்ஸ் போட்டு வரட்டும், ராத்திரி உள்ளங்காலைப் பார்க்கச் சொல்லுங்கள். பஸ்ஸின் முதல் படி உயரம், அதனால் ஆடாத மர முக்காலி ஒன்றை எடுத்துப் போங்கள். ஏறும்போது ஒருவர் பின்னால் நிற்கட்டும், இறங்கும்போது முன்னால். தலைகளை எண்ணுவதோடு இருவர் இருவராக ஜோடி சேர்த்துவிட்டால் யாரும் தவறமாட்டார்கள்.

மாதக் கட்டணத்தில் ஜி.எஸ்.டி. போடுகிறார்கள். பக்கத்துக் குடியிருப்பில் போடுவதில்லை. எது சரி?
- வாசகி, துடியலூர்

இரண்டும் சரியாக இருக்கலாம். பணத்தை வசூலிப்பது யார் என்று ரசீதின் மேலே பாருங்கள். வீட்டு உரிமையாளர் சங்கம் என்றால், ஓர் உறுப்பினருக்கு மாதம் 7,500 ரூபாய் வரை வரி கிடையாது. அதைத் தாண்டினால், சங்கத்தின் ஆண்டு வரவு 20 லட்சத்துக்கு மேல் இருந்தால், 18 சதவீதம். மொத்தத்துக்கும் வரி என்று 2019இல் வரித்துறை சுற்றறிக்கை சொன்னது. 7,500க்கு மேற்பட்ட தொகைக்கு மட்டும்தான் என்று 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. உங்கள் சங்கத்தின் ஆடிட்டர் எதைப் பின்பற்றுகிறார் என்று எழுத்தில் கேளுங்கள்.

பராமரிப்பை ஒரு கம்பெனி எடுத்து நடத்தி அதன் பெயரில் ரசீது வந்தால் இந்த 7,500 சலுகை பொருந்தாது. முழுத் தொகைக்கும் வரி.

நவம்பரில் உயிர்வாழ் சான்றிதழுக்கு இங்கேயே முகாம் போடலாமா?
- வாசகர், சரவணம்பட்டி

தாராளமாக. கேமரா நன்றாக உள்ள ஒரே ஆண்ட்ராய்டு போனில், ஜீவன் பிரமாண் செயலியும் ஆதார் முக அடையாளச் செயலியும் இறக்கிக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராக எல்லாருக்கும் முடிக்கலாம். வருபவர் ஆதார் எண், பி.பி.ஓ. எண் (பென்ஷன் ஆணையில் உள்ள எண்), பென்ஷன் வரும் கணக்கு எண் மூன்றையும் ஒரு தாளில் எழுதி வரட்டும். கையில் மொபைலும் இருக்க வேண்டும், ஓ.டி.பி. வரும். ஜன்னலைப் பார்த்து உட்கார வையுங்கள், ஜன்னல் முதுகுப் பக்கம் இருந்தால் முகம் இருட்டாகிவிடும். கண்ணாடியைக் கழற்றி, சொல்லும்போது கண்ணைச் சிமிட்ட வேண்டும்.

சான்றிதழ் நிராகரிக்கப்படுவதற்கு வழக்கமான காரணம், பென்ஷன் அனுமதித்த அலுவலகத்தையும் வழங்கும் பேங்கையும் மாற்றித் தேர்ந்தெடுப்பது. சொந்தப் பென்ஷன், குடும்பப் பென்ஷன் இரண்டும் வாங்கும் அம்மாக்களுக்கு இரண்டு பி.பி.ஓ.வுக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும்; ஒன்றோடு நிறுத்திவிட்டு டிசம்பரில் திண்டாடுபவர்கள் உண்டு. மத்திய அரசுப் பென்ஷனில் 80 வயது தாண்டியவர்கள் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம். அவர்களை அந்த மாதமே முடித்துவிடுங்கள். இ.பி.எஃப். பென்ஷன்காரர்களுக்கு நவம்பர் கணக்கில்லை. கொடுத்த நாளிலிருந்து ஒரு வருடம் செல்லும். படுக்கையில் இருப்பவர்களுக்குத் தபால்காரரை வரவழைக்கலாம், கட்டணம் 70 ரூபாய்.

குடியிருப்பில் ஒருவர் இறந்துவிட்டால் அந்த வாரம் நிகழ்ச்சிகளை நிறுத்துவதா, நடத்துவதா?
- பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகர்

அன்றைக்குப் பாட்டும் விளையாட்டும் வேண்டாம். மறுநாள் காலை உடற்பயிற்சி வழக்கம்போல நடக்கட்டும். மாலை நிகழ்ச்சிகளை மூன்றாம் நாளிலிருந்து தொடரலாம். இதை ஒரு விதியாக முன்பே எழுதி வைத்துவிடுங்கள். அவருக்கு இரண்டு நாள், இவருக்கு ஐந்து நாள் என்று ஆளுக்கொரு கணக்கு வந்தால் மனக்கசப்புதான். அறிவிப்பை வாட்ஸ்அப்பில் போடுவதற்கு முன் வெளியூர்ப் பிள்ளைகளுக்குத் தகவல் போய்ச் சேர்ந்துவிட்டதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

வீட்டிலேயே இறந்திருந்தால் கடைசியாக வைத்தியம் பார்த்த டாக்டரிடம் இறப்புக் காரணச் சான்றிதழ் வாங்கி, 21 நாளைக்குள் பதிவு செய்ய வேண்டும். அந்த டாக்டரின் போன் எண்ணை ஒவ்வொரு வீட்டுக் கோப்பிலும் அலுவலகம் இப்போதே வாங்கி வைத்திருக்கட்டும். நள்ளிரவில் தேடுவதற்குள் விடிந்துவிடும்.