தனியாகத் தொட்டால் தெரிகிறது, சேர்த்துத் தொட்டால் தெரியவில்லை

கேள்வி: அப்பாவுக்கு வயது 62. இரண்டு மாதங்களுக்கு முன் மூளையின் வலப்பக்கம் பக்கவாதம் வந்தது. இடக்கையை மட்டும் தொட்டால் சரியாகச் சொல்கிறார். இரு கைகளையும் ஒன்றாகத் தொட்டால், ‘வலக்கை மட்டும்தான்’ என்கிறார். தட்டின் இடப்பக்கச் சோறு அப்படியே மிஞ்சுகிறது. கையில் உணர்ச்சி போய்விட்டதா, கண்ணில் கோளாறா?

பதில்: தனியாகத் தொடும்போது தெரிகிறது என்றால், கையிலிருந்து மூளைக்குச் செய்தி போய்ச் சேர்கிறது. சிக்கல் கவனத்தில். உச்சிக்குச் சற்றுப் பின்னால் உள்ள பரைட்டல் பகுதி வலப்பக்கம் பழுதானால், இடப்பக்கச் செய்தி பலவீனமாகிறது. வலப்பக்கத்திலிருந்தும் ஒன்று வந்துவிட்டால் தோற்றுப்போகிறது. இதை எக்ஸ்டிங்ஷன் என்போம். தட்டில் சோறு மிஞ்சுவது நெக்லெக்ட் எனும் இடப்பக்கப் புறக்கணிப்பு. இரண்டும் சேர்ந்து வருவது வழக்கம்.

வலக்கையைத் தொடக்கூட வேண்டாம், அதன் அருகே ஒரு விரல் அசைவதைப் பார்த்தாலே இடக்கையின் தொடுகை மறைந்துபோகலாம். 1997இல் இத்தாலிய ஆய்வாளர்கள் இதைக் காட்டினார்கள். கையருகே கண் காண்பதையும் கைத்தோல் உணர்வதையும் மூளை ஒரே இடத்தில் சேர்த்துக் கணக்கிடுவதே காரணம். வீட்டில் செய்யவேண்டியதும் இதிலிருந்துதான் வருகிறது.

சாப்பிடும்போது வலப்பக்கத்தில் டிவி, டம்ளர், பேசும் ஆள் எதுவும் வேண்டாம். இடக்கையை மடியில் விடாமல், கண்ணில் படும்படி மேசைமேல் வையுங்கள். தட்டின் இட விளிம்பில் அகலமான சிவப்பு டேப் ஒட்டி, ‘முதலில் சிவப்பைப் பாருங்கள்’ என்று ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள். இடக்கை விரல் ஒன்றையாவது அசைக்க முடிந்தால், அதைப் பார்த்துக்கொண்டே அசைக்கச் சொல்லுங்கள். தினம் இரண்டு வேளை, 15 நிமிடம். களைத்துவிட்டால் நிறுத்திவிடுங்கள்.

பலரும் செய்யும் தவறு: பழகட்டும் என்று தண்ணீரையும் அழைப்பு மணியையும் இடப்பக்கம் வைத்துவிடுவது. தேவையான நேரத்தில் அவை அவர் கண்ணில் படாது. பயிற்சியின்போது நீங்கள் இடப்பக்கம் உட்காருங்கள். அவசரப் பொருள்கள் வலப்பக்கமே இருக்கட்டும்.

கண்ணையும் ஒதுக்கிவிட முடியாது. எதிரே ஒரு கை தூரத்தில் உட்கார்ந்து, உங்கள் மூக்கையே பார்க்கச் சொல்லி, அவருடைய இடப்பக்கம் மட்டும் விரலை அசையுங்கள். அதுவும் தெரியவில்லை என்றால் பார்வைப் புலமே, அதாவது கண்ணைத் திருப்பாமல் பார்க்க முடிகிற பரப்பே, குறைந்திருக்கலாம்; கண் மருத்துவரிடம் அதை அளக்கும் பெரிமெட்ரி பரிசோதனை செய்யுங்கள்.

குளிக்கும் வெந்நீரை நீங்களே தொட்டுப் பாருங்கள். சக்கர நாற்காலியில் இடக்கை சக்கரத்துக்குள் தொங்குகிறதா, இடப்பக்க பிரேக் போட்டாயிற்றா என்று கவனியுங்கள். எழுப்பும்போது இடக்கையைப் பிடித்து இழுக்காதீர்கள், தோள்மூட்டு நழுவும். இப்போதைக்கு வண்டி ஓட்டவே கூடாது.