ஏழு வயதில் மார்பு மொட்டு: முதலில் பார்க்க வேண்டியது உயரத்தை

மகளுக்கு ஏழு வயது முடிந்து சில மாதங்கள் ஆகின்றன, ஒரு பக்க மார்புக் காம்புக்கு அடியில் கெட்டியாக ஏதோ தட்டுப்படுகிறது, தொட்டால் வலிக்கிறது என்கிறாள், மறுபக்கம் ஒன்றும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இது கட்டியா, சீக்கிரமே வயதுக்கு வந்துவிடுவாளா என்று இரண்டு கேள்விகள். குழந்தைகளுக்கான ஹார்மோன் பிரிவில் செவிலியராக வேலை பார்க்கிறேன். இதே இரண்டு கேள்விகளோடு வரும் அம்மாக்களையும் அப்பாக்களையும் தினமும் பார்க்கிறேன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதல் கேள்விக்குப் பதில்: நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அநேகமாக அது மார்பு மொட்டு. சுரப்பித் திசு வளரத் தொடங்கும்போது காம்புக்கு நேர் கீழே, சட்டைப் பொத்தானைப் போலத் தட்டையாகவும் கெட்டியாகவும் வரும். முதலில் ஒரு பக்கம் மட்டும் வருவது மிகவும் சாதாரணம். மறுபக்கம் வரச் சில மாதங்கள் ஆகும், ஆறு மாதம்கூட ஆகலாம். ஓடும்போது இடித்துக்கொண்டாலோ, குப்புறப் படுத்தாலோ வலிக்கும். இந்த வயதில் மார்பகப் புற்றுநோய் என்பது அரிதிலும் அரிது. டாக்டர் தொட்டுப் பார்த்தே பெரும்பாலும் உறுதி சொல்லிவிடுவார். சந்தேகம் இருந்தால் அல்ட்ராசவுண்ட் போதும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். "ஒரு பக்கம் மட்டும் இருக்கிறதே, எடுத்துவிடலாம்" என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். பின்னாளில் முழு மார்பகமாக வளரப்போவது அந்தச் சின்ன மொட்டுதான். அதை வெட்டி எடுத்தால் அந்தப் பக்கம் மார்பகமே வளராமல் போகலாம். சோதனைக்கென்று அதிலிருந்து திசு எடுத்தாலும் வளர்ச்சி பாதிக்கப்படலாம், அதைத் திரும்பச் சரிசெய்ய முடியாது. வீட்டிலும் தினமும் அழுத்திப் பார்க்க வேண்டாம். வலிதான் கூடும், குழந்தையும் தன் உடம்பில் ஏதோ தப்பாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்வாள். தோல் சிவந்து, சூடாகி, காய்ச்சலும் சேர்ந்தால் அது கிருமித் தொற்றாக இருக்கலாம். காம்பிலிருந்து இரத்தம் கசிந்தாலோ, காம்பை விட்டு விலகி வேறு இடத்தில் கட்டி தட்டுப்பட்டாலோ அது வேறு விஷயம். இந்த மூன்றுக்கும் காத்திருக்காமல் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

இரண்டாவது கேள்விதான் உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது என்று நினைக்கிறேன். பெண் குழந்தைகளுக்கு மார்பு வளர்ச்சி 8 வயதிலிருந்து 13 வயதுக்குள் தொடங்குவது இயல்பு. 8 வயது முடிவதற்கு முன் தொடங்கினால் ஒருமுறை மருத்துவரிடம் காட்டிப் பார்ப்பதுதான் சரி. ஆனால் எட்டுக்கு முன் மொட்டு வந்த எல்லாக் குழந்தைகளும் சீக்கிரம் வயதுக்கு வருவதில்லை. சிலருக்கு மார்பு மட்டும் கொஞ்சம் வளர்ந்து அப்படியே நின்றுவிடும், சிலருக்குக் குறைந்தும் போகும். சிலருக்கு மெதுவாக நகரும். சிலருக்குத்தான் வேகம் பிடிக்கும். முதல் நாள் பார்க்கும்போது இந்த மூன்றும் ஒரே மாதிரிதான் இருக்கும். எங்கள் டாக்டர்கள் ஒரே சந்திப்பில் முடிவு சொல்லாமல் "மூன்று மாதம், ஆறு மாதம் கழித்து வாருங்கள்" என்று சொல்வதற்குக் காரணம் இதுதான். ஏதோ தட்டிக்கழிக்கிறார்கள் என்று பெற்றோர் கோபப்படுவதைப் பார்த்திருக்கிறேன். உண்மையில் அந்தக் காத்திருப்புதான் முக்கியமான பரிசோதனை. மாற்றம் எவ்வளவு வேகமாக வருகிறது என்பதை வேறு எப்படியும் தெரிந்துகொள்ள முடியாது.

அந்த வேகத்தை நன்றாகக் காட்டிக்கொடுப்பது உயரம். பருவ மாற்றம் தொடங்காத ஒரு குழந்தை வருடத்துக்குச் சுமார் 5, 6 செ.மீ. வளர்வாள். பருவ வளர்ச்சி வேகமெடுத்தால் அது 8 செ.மீ. வரைகூடப் போகும். அதனால் நாங்கள் முதலில் கேட்பது பழைய உயரக் கணக்கைத்தான். தடுப்பூசி அட்டை, பள்ளி மருத்துவப் பரிசோதனைச் சீட்டு, கதவு நிலையில் பென்சிலால் போட்ட கோடு, எதுவானாலும் எடுத்துவாருங்கள். கடந்த இரண்டு வருடத்தில் சீராக வளர்ந்திருக்கிறாளா, அல்லது கோடு திடீரென்று மேலே ஏறியிருக்கிறதா என்பதில் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

வீட்டில் அளப்பதாக இருந்தால் சரியாக அளக்க வேண்டும். செருப்பு, சாக்ஸ் வேண்டாம். பின்னல், கொண்டை இருந்தால் அவிழ்த்துவிடுங்கள். குதிகால், பிட்டம், முதுகு மூன்றும் சுவரில் படும்படி நிற்க வைத்து, நேராகப் பார்க்கச் சொல்லுங்கள், மேலே அண்ணாந்து பார்க்கக்கூடாது. கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைத் தலைமேல் கிடையாக வைத்து, அதன் அடிவிளிம்பில் கோடு போட்டு, தரையிலிருந்து டேப்பால் அளவெடுங்கள். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதே நேரத்தில் அளந்தால் நல்லது. காலையைவிட மாலையில் உயரம் லேசாகக் குறைந்திருக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும். வாராவாரம் அளந்தால் ஒன்றும் புரியாது, மனசுதான் அலைபாயும்.

டாக்டர் வேறு என்ன பார்ப்பார்? உண்மையிலேயே சுரப்பித் திசுவா, வெறும் கொழுப்பா என்று பார்ப்பார். கொஞ்சம் பூசினாற்போல இருக்கும் குழந்தைகளுக்கு மார்பில் கொழுப்பு சேர்ந்து வளர்ச்சி போலவே தெரியும். படுக்க வைத்துத் தொட்டால் மெத்தென்று இருக்கும், அடியில் அந்தக் கெட்டித் தட்டு இருக்காது. அப்புறம் இடது கையை ஓர் எக்ஸ்ரே எடுப்பார்கள். மணிக்கட்டு, விரல் எலும்புகளைப் பார்த்து எலும்பின் வயதைக் கணிப்பார்கள். ஏழு வயதுக் குழந்தைக்கு எலும்பு ஒன்பதரை, பத்து வயது என்று காட்டினால் ஹார்மோன் கொஞ்ச காலமாகவே வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம். இரத்தத்தில் பருவ மாற்றத்தைத் தூண்டும் எல்.எச்., எப்.எஸ்.எச். ஹார்மோன்கள், ஈஸ்ட்ரடயால் (ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனின் ஒரு வகை), தைராய்டு ஆகியவற்றைப் பார்ப்பார்கள். சிலருக்கு ஓர் ஊசி போட்டு, அதற்குப் பிறகு குறிப்பிட்ட நேரங்களில் இரத்தம் எடுத்து எல்.எச். எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்க வேண்டிவரும். கர்ப்பப்பை, சினைப்பையை ஸ்கேன் செய்வார்கள். அது வயிற்றின் மேல் வைத்துச் செய்யும் ஸ்கேன்தான். சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும் என்பதால் போவதற்கு முன் நிறையத் தண்ணீர் குடிக்க வையுங்கள்.

இவ்வளவும் எதற்கு என்றால், பருவ மாற்றத்தைத் தொடங்கிவைப்பது மூளை. மூளையின் ஒரு பகுதியான ஹைப்போதலாமஸ் விட்டு விட்டுச் சமிக்ஞை அனுப்ப, அதன் கீழே இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி எல்.எச்., எப்.எஸ்.எச். சுரக்க, சினைப்பை ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கும். இந்தச் சங்கிலி வழக்கமான வழியிலேயே, ஆனால் முன்கூட்டியே ஓட ஆரம்பித்துவிட்டதா, அல்லது சினைப்பைக் கட்டி, கடுமையான தைராய்டு குறைபாடு, வெளியிலிருந்து உடலுக்குள் வந்த ஹார்மோன் என்று வேறு எங்கிருந்தாவது வருகிறதா என்று பிரித்தறிய வேண்டும். பெண் குழந்தைகளில், அதுவும் ஆறு வயதுக்கு மேல் தொடங்கினால், பெரும்பாலானவர்களுக்கு எந்த நோயும் கண்டுபிடிக்கப்படுவதில்லை. கடிகாரம் மட்டும் முன்னால் ஓடியிருக்கும். சில குடும்பங்களில் இது பரம்பரையாகவும் வரும். அப்பா வழியாக வரும் எம்.கே.ஆர்.என்.3 என்ற மரபணு மாற்றத்தை 2013இல் கண்டறிந்தார்கள். ஆறு வயதுக்கு முன் தொடங்கினால், அல்லது எந்த வயதிலும் தலைவலி, வாந்தி, பார்வைக் கோளாறு, வலிப்பு இருந்தால் மூளைக்கு எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள்.

வெளியிலிருந்து வரும் ஹார்மோனை யாரும் யோசிப்பதே இல்லை. மாதவிடாய் நின்ற பிறகு பெரியவர்கள் கையில் தடவிக்கொள்ளும் ஈஸ்ட்ரோஜன் ஜெல், ஸ்பிரே போன்றவை குழந்தையைத் தூக்கும்போது அவள் தோலில் ஒட்டும். 2010இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இதைப் பற்றி எச்சரிக்கையே விட்டது. வீட்டில் யாராவது அப்படி எதையாவது பயன்படுத்தினால் கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். அதை நிறுத்தினாலே சரியாகிவிடும் குழந்தைகள் உண்டு.

"நாங்கள் என்ன தப்பு செய்தோம், எதைக் கொடுத்து இப்படி ஆனது" என்று கேட்காத அம்மா இல்லை. ஒற்றை உணவுப்பொருளின் மேல் பழி போடாதீர்கள். உடல் எடை கூடுவதற்கும் பருவம் முந்துவதற்கும் தொடர்பு இருப்பது உண்மை. ஒல்லியான குழந்தைகளுக்கும் இது வருகிறது என்பதும் உண்மை. பொதுவாகவே இந்த வயது உலகெங்கும் கீழே வந்துகொண்டிருக்கிறது. 1969இல் மார்ஷல், டானர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இங்கிலாந்துப் பெண் குழந்தைகளைக் கவனித்து எழுதியபோது மார்பு வளர்ச்சி தொடங்கும் சராசரி வயது 11ஐ ஒட்டி இருந்தது. பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2020இல் வெளியான ஒரு கணக்கு, 1977க்கும் 2013க்கும் இடையில் பத்து ஆண்டுக்குச் சுமார் மூன்று மாதம் வீதம் அது முந்தியிருப்பதாகச் சொன்னது. இது உங்கள் சமையலறையில் தொடங்கிய விஷயம் இல்லை.

இரண்டு வயதுக்குக் குறைவான குழந்தையோடு இதைப் படிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்த வயதில் மார்பு லேசாகத் தடித்திருப்பது அடிக்கடி காண்பது, பெரும்பாலும் இரண்டு மூன்று வயதுக்குள் தானாக வடிந்துவிடும். பிறந்த குழந்தைக்கு, ஆணோ பெண்ணோ, தாயின் ஹார்மோனால் மார்பு வீங்கும், சில சொட்டுப் பால்கூட வரும். அதைப் பிதுக்கவே கூடாது. பிதுக்கினால் சீழ் வைத்துவிடலாம்.

சரி, உங்கள் மகளுக்கு வேகமாகத்தான் போகிறது என்று தெரிந்தால்? மருத்துவம் இருக்கிறது. மூளையின் அந்தச் சமிக்ஞையை அடக்கிவைக்கும் ஊசியை, லியூப்ரோலைடு அல்லது டிரிப்டோரெலின், மாதம் ஒருமுறையோ மூன்று மாதத்துக்கு ஒருமுறையோ போடுவார்கள். 1980களிலிருந்தே இந்த வகை மருந்துகள் குழந்தைகளுக்குப் பயன்பட்டு வருகின்றன. முக்கிய நோக்கம் உயரத்தைக் காப்பாற்றுவது. சீக்கிரம் பருவமடையும் குழந்தை முதலில் வகுப்பிலேயே உயரமாக இருப்பாள். ஆனால் ஈஸ்ட்ரோஜன் எலும்பின் வளர்முனைகளைச் சீக்கிரம் மூடிவிடும் என்பதால் கடைசியில் குள்ளமாக நின்றுவிடலாம். ஊசி தொடங்கிய முதல் வாரங்களில் சிலருக்கு லேசாக இரத்தப்போக்கு வரும். முன்கூட்டியே தெரிந்திருந்தால் பதற மாட்டீர்கள். மார்பு மெல்ல மென்மையாகும், சிலருக்குச் சிறுக்கும். பொதுவாக 11 வயதை ஒட்டி ஊசியை நிறுத்தினால் பருவ மாற்றம் விட்ட இடத்திலிருந்து தொடரும். பின்னாளில் குழந்தை பெறுவதை இது கெடுக்காது. ஆனால் எல்லோருக்கும் இந்த ஊசி தேவை இல்லை. ஏழரை வயதில் மெதுவாக நகரும் ஒரு குழந்தைக்கு இதனால் பெரிய லாபம் கிடைக்காமல் போகலாம். அவசரப்பட்டுக் கேட்டு வாங்கவும் வேண்டாம், பயந்து மறுக்கவும் வேண்டாம்.

மொட்டு வந்ததும் அடுத்த மாதமே மாதவிடாய் வந்துவிடும் என்ற பயம் பலருக்கு உண்டு. வழக்கமான வேகத்தில் மொட்டுக்கும் முதல் மாதவிடாய்க்கும் நடுவில் இரண்டு, இரண்டரை வருட இடைவெளி இருக்கும். அவளைத் தயார்படுத்த நேரம் இருக்கிறது. மொட்டு வந்த கொஞ்ச நாளிலேயே இரத்தம் கண்டால் மட்டும் உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.

இனி அவளைப் பற்றி. எங்கள் அறைக்கு வரும் குழந்தைகள் டாக்டரைவிட அம்மாவின் முகத்தைத்தான் அதிகம் பார்க்கிறார்கள். நீங்கள் அவள் முன்னால் போனில் யாரிடமாவது அழுதால், தனக்குப் பெரிய வியாதி என்றே முடிவு கட்டிவிடுவாள். "உன் உடம்பு வளர ஆரம்பிக்கிறது. எல்லாப் பெண்களுக்கும் இது வரும், உனக்குக் கொஞ்சம் சீக்கிரம் வந்திருக்கிறது. வலித்தால் என்னிடம் சொல்" என்று சொன்னால் போதும், ஏழு வயதுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். இறுக்கமான உடுப்பால் அமுக்கி மறைக்காதீர்கள், மென்மையான பருத்தி பனியன் போதும். உறவினர்கள் அவள் காதுபட இதைப் பேசினால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். உடம்பு பத்து வயதுபோலத் தெரிந்தாலும் மனசு ஏழுதான். பொம்மையோடு விளையாடுவதை, மடியில் ஏறி உட்காருவதை யாரும் குறை சொல்லக்கூடாது. தன் உடம்பை யார் தொடலாம், யார் தொடக்கூடாது, யாராவது சங்கடப்படுத்தினால் யாரிடம் சொல்வது என்பதை இப்போதே சொல்லிக்கொடுங்கள். வயதுக்கு மீறி வளர்ந்ததாகத் தெரியும் குழந்தைகளிடம் வெளியாட்கள் நடந்துகொள்ளும் விதம் மாறிவிடுகிறது. அவளுடைய வகுப்பாசிரியையிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள், கேலி முதலில் காதில் விழுவது அவருக்குத்தான்.

குழந்தை நல மருத்துவரிடம் முதலில் போங்கள், தேவைப்பட்டால் அவரே குழந்தைகளுக்கான ஹார்மோன் நிபுணரிடம் அனுப்புவார். போகும்போது பழைய உயரக் கணக்கு, மொட்டை முதலில் கவனித்த தேதி, உங்கள் இருவரின் உயரம், நீங்கள் எந்த வயதில் வயதுக்கு வந்தீர்கள், அவளுக்குக் கொடுக்கும் மருந்துகள், வீட்டில் பெரியவர்கள் பூசும் கிரீம்களின் பெயர்கள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொள்ளுங்கள். கிளம்புவதற்கு முன் அடுத்த அளவு எப்போது எடுக்க வேண்டும் என்று கேட்டு, தேதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.