சாக்ஸபோனில் ஆளை அறிதல் – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

ஆறு மாதங்களாக ஜாஸ் கேட்டுவருகிறேன். அதற்கு முன் சாக்ஸபோன் என்றால் எனக்குக் கத்ரி கோபால்நாத் மட்டும்தான். மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ இசைத்தட்டைப் பலமுறை கேட்டும், அதில் வாசிக்கும் சாக்ஸபோன்காரர்களில் எந்தப் பகுதி யாருடையது என்று எனக்குப் பிடிபடவில்லை. என் நண்பர் ஒருவரோ எதைப் போட்டாலும் இரண்டு சுரம் முடிவதற்குள் “இது பென் வெப்ஸ்டர்”, “இது லெஸ்டர் யங்” என்று சொல்லிவிடுகிறார். இது உண்மையிலேயே முடியுமா, அல்லது பாவனையா? வாயில் வைத்து ஊதும் மௌத்பீஸையும் அதில் கட்டும் ரீடையும் மாற்றினாலே ஒலி மாறிவிடும் என்கிறார்கள். அப்படியென்றால் நாம் ரசிப்பது கலைஞனையா, உபகரணத்தையா? எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம் என்றும் சொல்லுங்கள்.

மாதவன்

அன்புள்ள மாதவன்,

உங்கள் நண்பர் பாவனை செய்யவில்லை. தொலைபேசியில் “ஹலோ” என்ற ஒற்றைச் சொல் கேட்டதுமே பேசுவது மாமாவா சித்தப்பாவா என்று உங்களுக்குத் தெரிந்துவிடுகிறது அல்லவா, அவர் செய்வதும் அதுதான். நீங்கள் மெட்டைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். அவர் குரலைக் கேட்கிறார்.

சாக்ஸபோனில் இது ஏன் இவ்வளவு எளிதாக நிகழ்கிறது என்பதற்குக் கருவியின் அமைப்பிலேயே விடை இருக்கிறது. பெல்ஜியத்தில் பிறந்த அடால்ஃப் சாக்ஸ் 1846இல் பாரீஸில் அதற்குக் காப்புரிமை பெற்றார். உடல் பித்தளை என்றாலும் ஒலி பிறப்பது மௌத்பீஸின்மேல் கட்டிய நாணல் ரீடில்தான். நாகஸ்வரத்தின் சீவாளி இரட்டை இதழ் கொண்டது என்றால் இது ஒற்றை இதழ். அந்த இதழைக் கீழுதடு எவ்வளவு அழுத்துகிறது, தாடை எவ்வளவு தளர்ந்திருக்கிறது, தொண்டை திறந்திருக்கிறதா, நாக்கு எங்கே கிடக்கிறது என்பவை ஒவ்வொன்றும் ஒலியின் நிறத்தை மாற்றிவிடும். சிம்பொனி இசைக்குழுவில் இந்தக் கருவிக்கு நிரந்தரமான இருக்கை கிடைக்காததால், ஓபோ என்ற மரக் குழல் கருவி எப்படி ஒலிக்கவேண்டும் என்பதற்கு இருந்ததைப் போன்ற கறாரான இலக்கணம் எதுவும் ஜாஸ் கலைஞர்களைக் கட்டிப்போடவில்லை. அவரவர் தமக்கான ஒலியைத் தாமே கண்டடைய வேண்டியிருந்தது.

ஆனால் இலக்கணம் இல்லாத இடத்தில் முன்னோடி ஒருவர் வந்தால் அவரே இலக்கணமாகிவிடுவார். தாழ்ந்த ஸ்தாயியில் ஒலிக்கும் டெனர் சாக்ஸபோனில் கோல்மன் ஹாக்கின்ஸ் அப்படி ஆனார். தடித்த, அகன்ற, ஓரங்களில் சற்றே கரகரக்கும் ஒலி அவருடையது. நீட்டி நிறுத்தும் ஒவ்வொரு சுரத்திலும் வைப்ரேட்டோவின், அதாவது சுர நடுக்கத்தின், அசைவு வெளிப்படையாகக் கேட்கும். 1934இல் அவர் ஃப்ளெட்சர் ஹெண்டர்சனின் குழுவைவிட்டு ஐரோப்பா சென்றபோது, அந்த இடத்துக்கு வந்தவர் லெஸ்டர் யங். லெஸ்டரின் ஒலி மெலிந்தது, அசைவு குறைந்தது, கனமே இல்லாததுபோல் மிதப்பது. குழுவினருக்கு அது பிடிக்கவில்லை. ஹெண்டர்சனின் மனைவி காலையில் ஹாக்கின்ஸின் இசைத்தட்டுகளைப் போட்டுக்காட்டி, இப்படி வாசிக்க முடியாதா என்று கேட்டதை லெஸ்டரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அவர் மாற்றிக்கொள்ளவில்லை; சில மாதங்களில் குழுவைவிட்டு விலகினார். அவருடைய மனத்தில் இருந்தது ஃபிராங்கி ட்ரம்பாவர் என்ற வெள்ளைக்காரக் கலைஞர் சி-மெலடி சாக்ஸபோனில் எழுப்பிய மெல்லிய ஒலி. அதை டெனருக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்பதே அவர் பிடிவாதமாக இருந்தது. ஒருவருடைய ஒலி என்பது அவருக்கு வாய்த்துவிடும் ஒன்று என்று நினைத்திருந்தீர்கள் என்றால், அது தேர்ந்தெடுக்கப்படுவதும் காப்பாற்றப்படுவதும்கூட என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

இனி நீங்கள் கேட்கத் தொடங்கவேண்டிய இடத்துக்கு வருகிறேன். 1957 டிசம்பர் 8 அன்று சிபிஎஸ் தொலைக்காட்சி ‘தி சவுண்ட் ஆஃப் ஜாஸ்’ என்ற நிகழ்ச்சியை நேரலையாக ஒளிபரப்பியது. அதில் பில்லி ஹாலிடே ‘ஃபைன் அண்ட் மெல்லோ’ என்ற ப்ளூஸைப் பாடுகிறார். அவருடைய பாட்டுக்கு நடுவே ஹாக்கின்ஸ், லெஸ்டர், பென் வெப்ஸ்டர் ஆகிய மூன்று டெனர்காரர்களும் ஒரே அறையில், ஒரே பாட்டில், ஒரே நிதானமான காலப்பிரமாணத்தில் ஆளுக்குச் சிறிது நேரம் வாசிக்கிறார்கள். ஒலியை ஒப்பிட இதைவிட வசதியான சந்தர்ப்பம் அமையாது.

முதலில் வெப்ஸ்டர். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு இரவில் கேளுங்கள். சுரத்துக்கு முன்பாகவே காற்று வந்துவிடும். சுரம் முடிந்த பிறகும் ரீட் அடங்கி, வெறும் மூச்சு மட்டும் குழாய்க்குள் போய்க்கொண்டிருப்பது கேட்கும். தாடையைத் தளர்த்தி உதட்டின் பிடியைக் குறைத்தால் மேல்ஸ்தாயி அதிர்வுகள் மங்கி, மூச்சின் சத்தம் முன்னுக்கு வரும். இதைச் சப்டோன் என்பார்கள். பலரும் செய்வதுதான், ஆனால் மூச்சையே வாக்கியத்தின் கடைசிச் சொல்லாக வைத்தவர் வெப்ஸ்டர்தான். இளமையில் அவர் லெஸ்டரின் தந்தை நடத்திய குடும்ப இசைக்குழுவில் வாசித்தவர், பிறகு ஹாக்கின்ஸின் வழியில் வந்தவர் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு கேட்டால் இன்னும் சுவையாக இருக்கும்.

அடுத்து லெஸ்டர். அப்போது அவருக்கு 48 வயது, உடல் நலிந்திருந்தார். எழுந்து வந்து வாசிப்பது பன்னிரண்டே தாள அளவுகள் (பார்) கொண்ட ஒரு சுற்று. சுரங்களை எண்ணிவிடலாம், அவ்வளவு குறைவு. ஒவ்வொரு சுரமும் அசைவில்லாமல் நேராகத் தொடங்கும். முடியப்போகும் தறுவாயில் மட்டும் லேசாகத் துவளும். காமிரா அவரை விட்டு பில்லி ஹாலிடேயின் முகத்துக்குப் போகிறது. தலையை அசைத்துக்கொண்டே ஒரு சிறு புன்னகையோடு அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். லெஸ்டருக்கு ‘பிரெஸ்’ என்று பெயர் சூட்டியவர் அவர். அவருக்கு ‘லேடி டே’ என்ற பெயரைக் கொடுத்தவர் லெஸ்டர். அந்த முகத்தைப் பற்றிப் பலரும் உருகி எழுதியிருக்கிறார்கள். நான் உங்களுக்குச் சொல்வது, முதல் தடவை திரையைப் பார்க்காமல் கேளுங்கள் என்பதுதான். முகம் காதை மறைத்துவிடும்.

பிற்பாடு ஹாக்கின்ஸ் வருகிறார். முதல் சுரத்திலேயே அறை சிறுத்துவிட்டதுபோல் இருக்கும். லெஸ்டர் விட்ட இடைவெளிகளை எல்லாம் அவர் நிரப்பிவிடுகிறார்.

இதை இவ்வளவு உறுதியாக நான் எழுதுவதன் பின்னால் ஓர் அவமானக் கதை இருக்கிறது. கல்லூரி நாட்களில் நடைபாதைக் கடை ஒன்றில் வாங்கிய ஒலிநாடாவின் உறையில் ஹாக்கின்ஸ், வெப்ஸ்டர் பெயர்கள் இடம் மாறி அச்சாகியிருந்தன. மூன்று ஆண்டுகள் ஹாக்கின்ஸின் மென்மையைப் பற்றி நண்பர்களிடம் விரிவுரை ஆற்றிக்கொண்டிருந்தேன். வேறொரு வீட்டில் ஓர் இசைத்தட்டு ஓடியபோது, யாரும் சொல்லாமலே எனக்கு உறைத்தது: மூச்சை விட்டுவிட்டுப் போகிற இந்த ஆள்தான் என் ‘ஹாக்கின்ஸ்’. பெயர்தான் தவறாக இருந்ததே தவிர ஆளை நான் சரியாகவே அறிந்திருந்தேன். அதனால் பெயர்களைக் குழப்பிக்கொள்வதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்.

உபகரணத்தைப் பற்றிய கேள்விக்கு வருவோம். மௌத்பீஸின் உள்ளறையும் வாயின் திறப்பும் ரீடின் கடினமும் ஒலியை மாற்றும் என்பது உண்மைதான். ஆனால் 1953 மே 15 அன்று டொரொண்டோவின் மாஸ்ஸி ஹாலில் சார்லி பார்க்கர் வாசித்தது பிளாஸ்டிக்கில் செய்த கிராஃப்டன் ஆல்ட்டோ, டெனரைவிட உயர்ந்த ஸ்தாயியில் ஒலிக்கும் சாக்ஸபோன் வகை. அந்தப் பதிவில், ஒப்பந்தச் சிக்கலால் ‘சார்லி சான்’ என்ற பொய்ப்பெயரில், அவர் வாசிப்பதைக் கேட்டுப்பாருங்கள். கருவியும் பெயரும் மாறியிருந்தும் பார்க்கர் பார்க்கராகவே இருக்கிறார். உபகரணம் ஒருவருக்குத் தான் தேடும் ஒலியை எளிதாக்கித் தரலாம். எதைத் தேடுவது என்று அது சொல்லித்தராது. டெனர் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் பயன்படுத்திய வகை மௌத்பீஸை வாங்கியவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள்.

‘கைண்ட் ஆஃப் ப்ளூ’வில் உங்களுக்கு ஏற்பட்ட குழப்பம் சீக்கிரம் தீரக்கூடியது. அதிலுள்ள ‘ஸோ வாட்’டில் மைல்ஸ் டேவிஸின் ட்ரம்பெட்டுக்கு அடுத்து வருவது ஜான் கோல்ட்ரேன், அவருக்குப் பின் கேனன்பால் ஆடர்லி. கோல்ட்ரேன் வாசிப்பது டெனர், ஆடர்லி வாசிப்பது ஆல்ட்டோ என்பதால் ஸ்தாயியே முதலில் காட்டிக்கொடுத்துவிடும். அதோடு நின்றுவிடாதீர்கள். கோல்ட்ரேனின் ஒலி இறுகியது, நேரானது, ஏதோ ஒன்றைத் துருவிக்கொண்டே இருப்பது. ஆடர்லியின் ஒலி உருண்டு திரண்டது. ப்ளூஸின் சிரிப்பு அதில் ஒட்டிக்கொண்டே வரும். அதே ஆல்ட்டோவைக் கையில் எடுத்து, தன் ஒலி ட்ரை மார்ட்டினி என்ற இனிப்பில்லாத மதுவைப் போல இருக்கவேண்டும் என்று விரும்பியவர் பால் டெஸ்மண்ட். அவரை ஆடர்லிக்கு அடுத்து வைத்துக் கேட்டால் அது ஒரே கருவிதானா என்ற சந்தேகம் வந்துவிடும். ஸ்டான் கெட்ஸ், டெக்ஸ்டர் கார்டன், சன்னி ராலின்ஸ் எல்லோரும் இருக்கிறார்கள், அவசரமில்லை. மூன்று பேரைத் தெரிந்துகொண்ட காது நான்காமவரைத் தானே தேடிக்கொள்ளும்.

ஒரு சிறு எச்சரிக்கை. ‘தி சவுண்ட் ஆஃப் ஜாஸ்’ என்ற அதே பெயரில் ஓர் இசைத்தட்டும் கிடைக்கிறது. அது ஒளிபரப்புக்குச் சில நாட்களுக்கு முன் கொலம்பியாவின் ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவானது. தேடும்போது 1957 டிசம்பர் 8 நேரலை என்று பார்த்து எடுங்கள். கேட்டுவிட்டு, பெயர்களைச் சரிபார்ப்பதற்கு முன்னால், மூன்று டெனர்களும் உங்கள் காதில் எப்படி விழுந்தன என்று எனக்கு எழுதுங்கள்.