வாசகர் கேள்வி பதில்: லிட்டர் அதே ரேட்டு, கிலோமீட்டர் மட்டும் குறையுதே?

கேள்வி: அண்ணே, மண்டபத்துல மீன் எடுத்து பைக்ல வச்சு உள்ளூருகள்ல விக்கிறேன். 2014 மாடல் வண்டி. முன்ன 2 லிட்டர் போட்டா போய்ட்டு வந்துருவேன், இப்ப பத்த மாட்டேங்குது. மெக்கானிக் பெட்ரோல்ல கலக்குற எத்தனால்தான் (கரும்பு மாதிரி வெளைச்சல்லருந்து எடுக்குற ஆல்கஹால்) காரணம்ங்கறாரு, நெசமா? (மண்டபம் வாசகர்)

பதில்: நெசந்தான் தம்பி. ஐஸ் பெட்டி வெயிட்டு, உப்புக்காத்துல துருப்பிடிச்ச செயின் இதெல்லாமும் மைலேஜைத் தின்னும், அதையும் பாத்துக்குங்க, ஆனா எத்தனாலுக்கும் பங்கு உண்டு. ஒரு லிட்டர் பெட்ரோல்ல கெடைக்கிற சக்தில சுமாரா மூணுல ரெண்டு பங்குதான் ஒரு லிட்டர் எத்தனால்ல கெடைக்கும், இப்ப பங்க்ல போடுறதுல 20 சதவீதம் வரைக்கும் எத்தனால். இத நான் சொல்லல, மத்திய அரசுக்கு யோசனை சொல்ற நிதி ஆயோக் 2021ல போட்ட அறிக்கையிலயே இருக்கு, பழைய டூ வீலருக்கு 3லருந்து 4 சதவீதம், பழைய காருக்கு 6லருந்து 7 சதவீதம் மைலேஜ் குறையும்னு. உங்க கணக்கையே போடுவோம். தினம் 2 லிட்டர், மாசம் 25 நாள், மொத்தம் 50 லிட்டர். அதுல 4 சதவீதம்னா 2 லிட்டர், அதாவது மாசம் 200 ரூபா. மீன் வித்து சம்பாதிக்கிறவங்களுக்கு 200 ரூபா சின்ன காசா சொல்லுங்க. பெட்ரோல் டியூபு, கேஸ்கெட் எல்லாம் ஒருதடவ மாத்திருங்க, பழைய வண்டில 20,000 - 30,000 கிலோமீட்டருக்கு ஒருக்க ரப்பர் சாமான் சிலத மாத்த வேண்டி வரலாம்னு பெட்ரோலிய அமைச்சகமே சொல்லியிருக்கு, அந்தச் செலவும் நம்ம தலையிலதான்.

கேள்வி: எத்தனால் கலந்தா ரேட்டு குறையும்னு நெனச்சோம், ஏன் குறையல? கலக்காத பெட்ரோல் வேணும்னு கேக்க முடியாதா? (கீழக்கரை வாசகர்)

பதில்: எத்தனால் கலக்குறது 2003ல 5 சதவீதம்னு ஆரம்பிச்சது, 2022 ஜூன்ல 10 ஆச்சு, 2030க்குள்ள 20னு வச்சிருந்த இலக்க முன்னாடி இழுத்து 2025லயே முடிச்சுட்டாங்க. ரேட்டு ஏன் குறையலன்னா, 2025 ஜூலை கடைசி கணக்குப்படி எத்தனால் சராசரியா லிட்டர் 71 ரூபா 32 காசு, வண்டி வாடகை, ஜிஎஸ்டி எல்லாம் சேத்து. சுத்திகரிச்ச பெட்ரோலோட அடக்க விலையவிட இது ஜாஸ்தின்னு அரசாங்கமே சொல்லுது. சரி, ஒத்துக்கிறேன். ஆனா அதே நிதி ஆயோக் அறிக்கைல, சக்தி குறையுறத ஈடுகட்ட கலப்பு பெட்ரோல குறைச்ச ரேட்டுக்கு விக்கணும்னும் எழுதியிருக்கே, அத மட்டும் ஏன் விட்டாங்க? வரிய எடுத்துக்குங்க, 2025 ஏப்ரல்ல 2 ரூபா ஏத்துனதுக்கப்புறம் மத்திய வரி லிட்டருக்கு 21 ரூபா 90 காசு ஆச்சு, அதுக்கு மேல நம்ம மாநில வாட்ங்கற விற்பனை வரி 13 சதவீதமும் லிட்டருக்கு 11 ரூபா 52 காசும். எல்லாம் லிட்டர் கணக்கு. அதே தூரம் போக நாம கூடுதலா ஊத்துனா கூடுதலா வரியும் கட்டுறோம்ல, அந்த 4 சதவீதத்தையாவது வரில கழிச்சா என்ன கொறஞ்சிரும்? பிரேசில்ல இதவிட அதிகமாவே கலக்குறாங்க, ஆனா அங்க பெரும்பாலான கார் எதப் போட்டாலும் ஓடும், பங்க்லயும் தனி எத்தனால், கலப்பு பெட்ரோல்னு ரெண்டும் இருக்கு, ரேட்டப் பாத்து ஜனங்க முடிவு பண்றாங்க. இங்க கலக்காத பெட்ரோலும் வேணும்னு உச்ச நீதிமன்றம் போன வழக்கு 2025 செப்டம்பர் 1ல தள்ளுபடி ஆயிருச்சு. பழைய வண்டிக்காரங்களுக்கு ஒரு பம்பாவது தனியா வைக்கணும்ங்கறதுதான் என் கோரிக்கை, இத விடுறதா இல்ல.

கேள்வி: கரும்புலருந்து எத்தனால் எடுத்தா விவசாயிக்கு நல்லதுதானே? (சாயல்குடி வாசகி)

பதில்: கரும்பு விவசாயிக்கு காசு சீக்கிரம் வருதும்மா, வெளிநாட்டு எண்ணெய்க்கு போற பணமும் மிச்சம், அத மறுக்கல. ஆனா கரும்பு வழியா ஒரு லிட்டர் எத்தனாலுக்கு 2860 லிட்டர் தண்ணி ஆகும்னும் அதே நிதி ஆயோக் அறிக்கை சொல்லுது. உங்க 15 லிட்டர் குடத்துல 190 குடம். தள்ளுவண்டில குடம் அடுக்கி தண்ணிக்கு அலையுற ஊர்க்காரங்க நாம, நம்ம ராமநாதபுரத்து மண்ணு மானாவாரி நெல்லும் முண்டு மிளகாயும் வெளையுற மண்ணு, இதுல நமக்குன்னு வர்ற வருமானம் ஒண்ணும் இல்ல, செலவு மட்டும் வருது.

கேள்வி: பைபர் படகு அவுட்போர்டு மோட்டாருக்கு கேன்ல பெட்ரோல் வச்சிருந்தேன், அடியில தண்ணி மாதிரி நிக்குது. (தொண்டி வாசகர்)

பதில்: எத்தனால் தண்ணிய இழுக்கும். கொஞ்சம் வரைக்கும் தாங்கிக்கும், அளவு மீறிருச்சுன்னா எத்தனாலும் தண்ணியும் ஒண்ணா சேந்து அடியில எறங்கிரும், மோட்டார் உறிஞ்சுறதும் அடியிலருந்துதான். நடுக்கடல்ல மோட்டார் நின்னா என்ன ஆகும்னு உங்களுக்கு நான் சொல்லணுமா. மூடி இறுக்கமா இருக்குற கேன் வைங்க, பாதி கேனா போட்டு வைக்காதீங்க, ரெண்டு வாரத்துக்குள்ள தீர்ற அளவுக்கே வாங்குங்க, தண்ணி பிரிக்கிற பில்டர் ஒண்ணு மாட்டுங்க. இப்ப கேன்ல இருக்குறத மோட்டாருக்கு ஊத்திராதீங்க.