கரண்ட் வந்ததும் பெல்ட் தானாக ஓடுகிறது, தப்பு எங்கே?

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு சின்ன தேயிலை ஃபேக்டரியில் எலெக்ட்ரீஷியனாக இருக்கிறேன். ஐடிஐ முடித்தவன். சிடிசி (இலையை நசுக்கி அரைக்கும் ரோலர் மெஷின்) லைனில் புதிதாக ஒரு பெல்ட் போட்டார்கள். பேனல் செய்தவர் வர நாளாகும் என்றதால், வீடியோ பார்த்துப் மெஷினை ஓட்டும் குட்டிக் கம்ப்யூட்டரான பிஎல்சியின் (மிட்சுபிஷி எஃப்எக்ஸ்3யூ) பழைய புரோகிராமில் நானே சில ரங் (புரோகிராம் வரி) சேர்த்தேன். முதலில் மோட்டார் எடுக்கவே இல்லை, ஸ்டாப் பட்டனை என்ஓ (அழுத்தினால் மூடும்) பிளாக்காக மாற்றிய பிறகுதான் ஓடியது. இப்போது மேனுவலில் ஓடுகிறது, ஆட்டோவில் ஓடவில்லை. லேப்டாப்பில் பார்த்தால் ஆட்டோ ரங்கில் எல்லா கான்டாக்டும் நீலமாகத்தான், அதாவது ஆனாகத்தான், இருக்கிறது. மேனுவலில் ஓடும்போது கரண்ட் போய் வந்தால் யாரும் பட்டனைத் தொடாமலே பெல்ட் கிளம்பிவிடுகிறது. நான் கெடுத்துவிட்டதாக முதலாளி சொல்கிறார். கோயம்புத்தூரில் 40,000 ரூபாய்க்கு ஒரு கோர்ஸ் இருக்கிறதாம், சேரலாமா சார்?

பதில்: தம்பி, கோர்ஸ் கதையை அப்புறம் பார்க்கலாம். முதல் வேலையாக அந்த ஸ்டாப் பட்டனைப் பழையபடி என்சி (அழுத்தினால் திறக்கும்) பிளாக்காக மாற்றிவிட்டு வாருங்கள். இன்றைக்கே. நீங்கள் எழுதியதில் ஆட்டோ ஓடாதது உற்பத்தியைத்தான் கெடுக்கும், இதுவும் பெல்ட் தானாகக் கிளம்புவதும் ஒரு ஆளின் கையை எடுத்துவிடும்.

ஸ்டாப் பட்டனை என்சியாக வைப்பதற்குக் காரணம் உண்டு. மோட்டார் ஓடுகிற நேரம் முழுக்க அந்த வயரில் 24 வோல்ட் போய்க்கொண்டே இருக்கும், பிஎல்சியில் அந்த இன்புட்டின் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். பட்டனை அழுத்தினாலும் விளக்கு அணையும், எலி வயரைக் கடித்தாலும் அணையும், சிடிசி அதிர்வில் டெர்மினல் ஸ்க்ரூ கழன்றாலும், மூடுபனி ஈரத்தில் பூத்துப்போனாலும் அணையும். எப்படி அணைந்தாலும் மோட்டார் நின்றுவிடும். என்ஓவாக மாற்றிவிட்டால் வயர் அறுந்து ஆறு மாதம் ஆனாலும் யாருக்கும் தெரியாது, ஒருவரின் சட்டை பெல்ட்டில் மாட்டி இன்னொருவர் ஓடிவந்து அழுத்தும்போதுதான் தெரியும்.

அப்படியானால் முதலில் ஏன் ஓடவில்லை? பட்டன் என்சி, ஆகவே லேடரிலும் (புரோகிராமை ஏணிபோல வரைகிற படம்) குறுக்குக் கோடு போட்ட கான்டாக்டைத்தான் போட வேண்டும் என்று நினைத்திருக்கிறீர்கள். புதிதாக வருகிறவர்களில் பாதிப் பேர் இங்கேதான் விழுகிறார்கள். வெளியே என்ன பிளாக் இருக்கிறது என்பது பிஎல்சிக்குத் தெரியாது. குறுக்குக் கோடு இல்லாத கான்டாக்ட் ‘விளக்கு எரிகிறதா?’ என்று மட்டும் கேட்கும், கோடு போட்டது ‘அணைந்திருக்கிறதா?’ என்று கேட்கும். உங்கள் ஸ்டாப் இன்புட் எப்போதும் எரிவது, ஆகவே கோடு இல்லாததைப் போடுங்கள். மாற்ற வேண்டியது லேடரில் இருந்த அந்த ஒரே ஒரு கோடு, நீங்கள் பட்டனைப் போய் மாற்றியிருக்கிறீர்கள்.

இதோடு இன்னொன்றும் பார்த்துவிடுங்கள். சிவப்புக் காளான் எமர்ஜென்சி பட்டன் பிஎல்சி இன்புட்டுக்கு மட்டும் போகிறதா, கான்டாக்டர் (மோட்டாருக்குக் கரண்ட் விடும் பெரிய ஸ்விட்ச்) காயிலுக்குப் போகும் சப்ளையையே வெட்டுகிறதா? மோட்டார் அதிகக் கரண்ட் இழுத்தால் வெட்டும் ஓவர்லோடு ரிலேயின் 95-96 கான்டாக்ட் எங்கே போகிறது? இரண்டும் காயில் சப்ளையில் நேராக வர வேண்டும், பிஎல்சிக்குத் தகவல் சொல்ல வேறொரு கான்டாக்ட் எடுத்துக்கொள்ளலாம். பிஎல்சி அவுட்புட்டுக்குள் இருக்கும் குட்டி ரிலே ஒட்டிக்கொண்டால், புரோகிராம் எவ்வளவு சுத்தமாக ஆஃப் சொன்னாலும் மோட்டார் ஓடிக்கொண்டேதான் இருக்கும். இதையெல்லாம் இன்புட்டில் கொண்டுபோய்ச் சொருகி நாலு மீட்டர் வயர் மிச்சம் பிடிக்கிற பேனல்கள் நம் மலையில் நிறைய இருக்கின்றன. ரோலரைக் கழுவும்போது காளானை நம்பக் கூடாது, ஐசொலேட்டரை (சப்ளையையே பிரிக்கும் ஸ்விட்ச்) இறக்கிப் பூட்டுப் போட்டுச் சாவியைப் பாக்கெட்டில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது ஆட்டோ விவகாரம். புரோகிராமை நான் பார்க்கவில்லை, ஆனாலும் பந்தயம் கட்டலாம்: ஆட்டோ ரங்கின் கடைசியில் ஒய்5 (அல்லது ஏதோ ஒரு அவுட்புட்) காயில், அதாவது அந்த அவுட்புட்டை ஆன், ஆஃப் என்று எழுதும் குறி, போட்டிருப்பீர்கள், அதற்குக் கீழே மேனுவல் ரங்கிலும் அதே ஒய்5 காயிலைப் போட்டிருப்பீர்கள். பிஎல்சி முதலில் எல்லா இன்புட்டையும் ஒருமுறை படித்துக்கொள்ளும், மேலிருந்து கீழே ரங் ரங்காகக் கணக்குப் போடும், கடைசியில்தான் மொத்தமாக அவுட்புட்டுக்கு அனுப்பும். சில மில்லி செகண்டில் இந்தச் சுற்று முடிந்து மறுபடி தொடங்கும். ஆட்டோ ரங் ‘ஒய்5 ஆன்’ என்று எழுதுகிறது, கீழே வந்த மேனுவல் ரங் ‘ஆஃப்’ என்று எழுதுகிறது, வெளியே போவது கடைசியாக எழுதியது. ஒரே சிலேட்டில் இரண்டு பேர் எழுதி அழிக்கிற கதைதான். திரையில் கான்டாக்டெல்லாம் நீலமாகத் தெரிந்ததும், மோட்டார் எடுக்காததும் இதனால்தான்.

சரிசெய்வது சுலபம். எம் என்பது வெளியே வயர் போகாத, புரோகிராமுக்குள் மட்டும் இருக்கும் ரிலே. ஆட்டோ ரங்கை எம்10-இல் முடியுங்கள், மேனுவல் ரங்கை எம்11-இல் முடியுங்கள், பிறகு கீழே ஒரே ஒரு ரங்கில் எம்10, எம்11 இரண்டையும் பேரலலாகப் போட்டு ஒய்5-ஐ எழுதுங்கள். எம்10, எம்11 ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறதா என்று முதலில் தேடிப் பாருங்கள், வேறு காலி எம் எடுத்தாலும் சரி. ஒரு அவுட்புட், ஒரு காயில், புரோகிராம் முழுக்க ஒரே இடம். மிட்சுபிஷியின் சாஃப்ட்வேரான ஜிஎக்ஸ் ஒர்க்ஸ்2-இல் புரோகிராம் செக் செய்யும் வசதி இருக்கிறது, அதில் டூப்ளிகேட் காயில் பார்க்கும் தேர்வும் உண்டு. ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், பழைய புரோகிராமிலேயே இரண்டு மூன்று மாட்டினாலும் ஆச்சரியமில்லை.

அடுத்து தானாகக் கிளம்பும் பெல்ட். மேனுவல் ஸ்டார்ட்டைப் பிடித்து வைக்க எம்500 மாதிரி ஒரு முழு எண்ணை எடுத்திருப்பீர்கள், சின்ன எண்களெல்லாம் யாரோ பயன்படுத்தியிருக்கிறார்கள், இது காலியாக இருக்கிறது என்று. எஃப்எக்ஸ்3யூவில் எம்0 முதல் எம்499 வரை சாதாரண எம், கரண்ட் போனால் அழிந்துவிடும். எம்500-இலிருந்து கரண்ட் போனாலும் நினைவில் வைத்திருக்கும் வகை. செட் (ஒருமுறை ஆன் செய்தால் அப்படியே நிற்கும் கட்டளை) போட்டால்தான் இப்படி ஆகும் என்றில்லை, சாதாரண ஹோல்டிங் ரங்காக எழுதினாலும் கரண்ட் திரும்பியதும் எம்500 பழைய ஆன் நிலையிலேயே எழும், தன் கான்டாக்டைத் தானே மூடும், பெல்ட் ஓடும். ஜெனரேட்டருக்கு மாறுகிற ஒவ்வொரு முறையும் இதே கதை. எம்500-ஐ எம்499-க்குக் கீழே ஏதாவது காலி எண்ணுக்கு மாற்றுங்கள், பிரச்சினை அங்கேயே முடிந்தது. கரண்ட் போய் வந்தால் ஆள் வந்து ஸ்டார்ட் அழுத்தியே ஆக வேண்டும், பெல்ட்டோ ரோலரோ எதுவானாலும் அப்படித்தான்.

ஒரே ஒரு இடத்தில் இதற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டியிருக்கும், அதைச் சொல்லாவிட்டால் என் பதிலைக் காட்டி அங்கேயும் மாற்றிவைத்துவிடுவீர்கள். இலை வாட்டும் ட்ரஃப் (இலையைப் பரப்பும் நீளத் தொட்டி) ஃபேன். பச்சை இலை ட்ரஃப்பில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல்கூடக் கிடக்கும், பெரும்பாலும் ராத்திரியில். நடுராத்திரி கரண்ட் போய் வந்து, ஃபேன் நின்றது நின்றபடியே இருந்து, வாட்ச்மேனும் கவனிக்காமல் விட்டால், காற்று இல்லாமல் இலை சூடேறிச் சிவந்து காலையில் குப்பைதான். ஆகவே ட்ரஃப் ஃபேன் கரண்ட் வந்ததும் தானாக எழலாம். அதற்கும் வரைமுறை இருக்கிறது. செலக்டர் ஸ்விட்ச் ஆட்டோவில் இருந்தால் மட்டும் எழ வேண்டும். எழுவதற்கு முன் ஹூட்டர் கொஞ்ச நேரம் அலற வேண்டும். எல்லா ஃபேனும் ஒரே நொடியில் எழக் கூடாது, நேரடி ஸ்டார்ட்டரில் மோட்டார் கிளம்பும்போது ஓடும் கரண்டைப்போல ஆறேழு மடங்கு இழுக்கும், எல்லாம் சேர்ந்து இழுத்தால் ஜெனரேட்டர் உட்கார்ந்துவிடும், மறுபடி கரண்ட் போகும், மறுபடி எழும், விடிய விடிய இதுவே நடக்கும். ஒன்றுக்குப் பின் ஒன்றாக டைமர் வைத்து எழுப்புங்கள். டைமரில் ஒரு குழி இருக்கிறது: டி0 முதல் டி199 வரை 100 மில்லி செகண்ட் கணக்கு, கே50 என்றால் 5 செகண்ட், அதையே டி200-இல் எழுதினால் அரை செகண்டுதான். ஃபேனுக்குக் கம்பி வலை இருக்க வேண்டும், உள்ளே ஆள் இறங்கும்போது ஐசொலேட்டர் பூட்டியிருக்க வேண்டும், ‘இது தானாக ஓடும்’ என்று தமிழில் ஒரு பலகை தொங்க வேண்டும். இவ்வளவும் இல்லாத ஃபேக்டரியில் ட்ரஃப் ஃபேனும் தானாக எழ வேண்டாம், வாட்ச்மேனுக்கு ஒரு அலாரம் வையுங்கள், போதும்.

புது பெல்ட்டை வரிசையில் எங்கே சேர்த்தீர்கள் என்று எழுதவில்லை. கிளப்பும்போது கடைசி பெல்ட் முதலில், நிறுத்தும்போது முதல் பெல்ட் முதலில். நடுவில் ஒன்று ட்ரிப் ஆனால் அதற்கு முன்னால் இருப்பதெல்லாம் நிற்க வேண்டும், இல்லையென்றால் அரைத்த இலை குவிந்துவிடும்.

இனி உங்கள் பேனல்காரர். பழைய புரோகிராமைத் திறந்து பார்க்க முடிந்தது என்றால் பாஸ்வேர்டு போடாமல் விட்டிருக்கிறார், அந்த வகையில் உங்கள் முதலாளிக்கு அதிர்ஷ்டம். பல பேர் பூட்டிவிட்டுத்தான் போகிறார்கள். காசு கொடுத்து வாங்கிய மெஷின், அதன் புரோகிராம் மட்டும் இன்னொருவர் லேப்டாப்பில் இருக்கும், ஒரு டைமரை மாற்றக்கூட அவரைக் கூப்பிட்டு வண்டிச் சத்தமும் வருகைக் கூலியும் கொடுக்க வேண்டும், ஐப்பசி மழையில் மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்தால் அதுவும் கிடையாது. பாஸ்வேர்டு தெரியாமல் போனால் மொத்தத்தையும் அழித்துவிட்டுப் புதிதாக எழுதுவதுதான் வழி. ஆளே தொழிலை விட்டுப் போய்விட்டால் யாரைக் கேட்பது? பிஎல்சி கெட்டுவிட்டது என்று சொல்லி நகல் போர்டு ஒன்றை மாட்டிவிட்டு அசல் விலையை வாங்குகிற ஆட்களும் இருக்கிறார்கள், அவிழ்த்த பழையதைக் கையில் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள், முகம் மாறுவதைப் பார்க்கலாம். முதலாளிமார்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. மூன்று கொட்டேஷன் வாங்கி, இருப்பதிலேயே குறைந்ததைப் பிடித்து, அதிலும் பத்து சதவீதம் அடித்துப் பேசுவார்கள், ஆனால் வயரிங் டிராயிங் எங்கே, கமென்ட் போட்ட புரோகிராம் ஃபைல் எங்கே என்று ஒருவர்கூடக் கேட்கமாட்டார். கேட்டால் இலை விலையைப் பற்றிப் பேசுவார்கள். ஃபைலும் டிராயிங்கும் கைக்கு வந்த பிறகுதான் கடைசித் தவணை என்று பர்ச்சேஸ் ஆர்டரிலேயே எழுதச் சொல்லுங்கள். நீங்கள் கெடுத்துவிட்டதாகச் சொன்னாரே, மாற்றுவதற்கு முன்னால் இருந்த ஃபைலை அவர் வைத்திருந்தால் ஐந்து நிமிடத்தில் பழையபடி ஏற்றியிருக்கலாம்.

40,000 ரூபாய் கோர்ஸ் வேண்டாம். வேலை உறுதி என்று போடுகிற இடங்களில் ஆள் பிடிப்பவருக்குப் போகும் கமிஷனும் உங்கள் ஃபீஸில்தான் இருக்கிறது. சொல்லித்தருவது டிராஃபிக் லைட்டும் லிஃப்ட்டும், சிமுலேட்டரில். கையில் கொடுப்பது திருட்டு சாஃப்ட்வேர் ஏற்றிய பென்டிரைவ், அதிலிருந்து வைரஸ் ஃபேக்டரி லேப்டாப்புக்குப் போகும். டெல்டாவின் டபிள்யூபிஎல்சாஃப்ட் இலவசம், சிமுலேட்டரும் அதிலேயே இருக்கிறது, எக்ஸ், ஒய், எம் எல்லாம் உங்கள் மிட்சுபிஷிக்குப் பக்கத்திலேயே வரும், எக்ஸ்7-க்கு அடுத்து 8, 9 இல்லாமல் எக்ஸ்10 என்று குதிப்பது உட்பட. பழைய பிஎல்சி ஒன்று, நாலு பட்டன், இரண்டு ரிலே, ஒரு பவர் சப்ளை வாங்கி ஒரு பலகையில் அடித்துப் பழகுங்கள். உங்கள் ஐடிஐயில் ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர் கட்டச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள், அது தெரிந்தவருக்கு லேடர் தூரமில்லை. அதற்கு மேல் ஐடிஐயில் ஒரு பிஎல்சியைக் கண்ணால் காட்டாமலே சான்றிதழ் கொடுத்து அனுப்புகிறார்களே, அந்தக் கோபத்தை உங்களிடம் காட்டி என்ன பயன்.

கடைசியாக, பேனலைத் திறந்து பிஎல்சி முகப்பில் BATT (பேட்டரி) என்று எழுதிய சிவப்பு விளக்கு எரிகிறதா பாருங்கள். எஃப்எக்ஸ்3யூவில் புரோகிராம் பேட்டரி தயவில்தான் நிற்கிறது. விளக்கு எரிந்தால், இலை இல்லாத நாட்களில் மெயின் ஸ்விட்சை இறக்கி வைத்தாலே புரோகிராம் காணாமல் போகலாம். முதலில் புரோகிராமை முழுசாக லேப்டாப்பில் இறக்கி, தேதி போட்ட பெயரில் இரண்டு இடத்தில் வையுங்கள், ஒன்று முதலாளியிடம் இருக்கட்டும். பிறகு பேட்டரியை மாற்றுங்கள், பழையதை உருவியதும் தாமதிக்காமல் புதியதைச் செருக வேண்டும். அதற்கப்புறம் எம்500-ஐயும் ஒய்5-ஐயும் திருத்துங்கள். லைனில் இலையும் ஆளும் இல்லாத நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள், மோட்டார் ஃபியூஸைக் கழற்றிவிட்டுக் கான்டாக்டர் மட்டும் அடிக்கிறதா என்று முதலில் சோதியுங்கள். அது சரியாக அடித்தால் ஃபியூஸைப் போட்டு ஓட்டுங்கள், ஓடிக்கொண்டிருக்கும்போதே ஸ்டாப் பட்டனின் ஒரு வயரை பிஎல்சி டெர்மினலில் கழற்றிப் பாருங்கள். பெல்ட் உடனே நின்றால் வேலை முடிந்தது, நிற்காவிட்டால் மறுபடி எழுதுங்கள், அடுத்த முறை புரோகிராம் ஃபைலையும் சேர்த்து அனுப்புங்கள்.