வலைக்கு ஈயம் உருக்கும் வீட்டில் குழந்தை இருக்கிறதா?

கேள்வி: நாங்கள் பாம்பன் பக்கம். என் கணவர் பழைய பேட்டரி ஈயத்தைக் கொல்லையில் இரும்புச் சட்டியில் உருக்கி, வலைக்குக் குண்டு வார்ப்பார். இரண்டு வயது மகள் அங்கேதான் விளையாடுவாள். நான் நான்கு மாதக் கர்ப்பிணி. ஈயம் பிள்ளையின் மூளையைப் பாதிக்கும் என்கிறார்களே, உண்மையா? மீன் சாப்பிடுவதையும் நிறுத்த வேண்டுமா?

பதில்: உண்மைதான். அந்த அடுப்பை இன்றைக்கே கொல்லையிலிருந்து எடுத்துவிடுங்கள். மீனை நிறுத்த வேண்டாம்.

நம் உடம்பு ஈயத்தைச் சுண்ணாம்புச் சத்து என்று ஏமாந்து ஏற்றுக்கொள்கிறது. அது வளரும் மூளைக்குள் புகுந்து, நரம்புகள் ஒன்றோடொன்று இணைகிற வேலையைக் குலைக்கிறது. விழுங்கும் ஈயத்தில் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு அதிகமாகக் குழந்தைகள் உறிஞ்சிக்கொள்கிறார்கள். இவ்வளவு வரை ஆபத்தில்லை என்று சொல்லக்கூடிய அளவே ஈயத்துக்குக் கிடையாது. மகள் இன்று ஓடியாடி விளையாடுகிறாள் என்பதை வைத்துத் திருப்தி அடைந்துவிடாதீர்கள். கவனம் நிலைக்காததும் பாடம் ஏறாததும் பள்ளிக்கூடம் போன பிறகுதான் தெரியவரும்.

புகைக்குப் பயந்து குழந்தையைத் தள்ளி நிறுத்துகிறோம், தூசியை மறந்துவிடுகிறோம். 327 டிகிரியில் ஈயம் உருகியதும் மேலே சாம்பல் நிறத்தில் ஏடு படியும். அதைக் கரண்டியால் வழித்து ஓரமாகத் தட்டுவார்கள். காய்ந்தால் அது மாவு போன்ற பொடி. பேட்டரித் தகட்டில் ஒட்டியிருக்கும் பசை இன்னும் மோசம். குண்டின் பிசிறைக் கத்தியால் சீவும்போதும் துகள் உதிரும். கச்சான் காற்று அடித்தால் இதெல்லாம் திண்ணைக்கும் பாய்க்கும் வந்துவிடும். தவழும் பிள்ளை அதைத் தொட்ட கையை வாயில் வைக்கும்.

ஆகவே, அடுப்பு எரிந்த இடத்து மேல்மண்ணை ஈரப்படுத்திச் சுரண்டி, மூட்டையாகக் கட்டி, பிள்ளைகள் நடமாடாத இடத்தில் ஆழமாகப் புதையுங்கள். கிணறு, ஊற்றுப் பக்கம் வேண்டாம். இந்த வேலையை நீங்கள் செய்யாதீர்கள். வேறு பெரியவர்கள் செய்யட்டும். அங்கே புது மண் கொட்டி மூடிவிடலாம். தரையைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். அந்தச் சட்டியும் கரண்டியும் சமையலுக்குத் திரும்பவே கூடாது. கணவர் குண்டு கோர்த்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, சட்டையையும் மாற்றிய பிறகு மகளைத் தூக்கட்டும். குண்டைப் பல்லால் கடித்து இறுக்கும் பழக்கம் இருந்தால் அதை விடச் சொல்லுங்கள். குண்டுகளைக் கடையில் வாங்கிவிடுவதே நல்லது. கூடுதல் செலவுதான், தெரியும். ஆனாலும் இதைத்தான் சொல்வேன்.

மகளுக்கு இரத்தத்தில் ஈய அளவைப் பார்க்க வேண்டும். அரசு மருத்துவமனைக் குழந்தை மருத்துவரிடம், வீட்டில் ஈயம் உருக்கியதை நீங்களாகவே சொல்லுங்கள். சொன்னால்தான் அவருக்கு அந்த யோசனை வரும். விரல் நுனியில் குத்தி எடுத்தால் தோலில் ஒட்டிய தூசியே கணக்கை ஏற்றிக் காட்டிவிடும். கையின் இரத்தக் குழாயில் ஊசி குத்தி எடுப்பதே சரி. 100 மில்லி இரத்தத்தில் 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால், ஈயம் வரும் வழியைக் கண்டுபிடித்து அடைக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 45-ஐத் தொட்டால் ஈயத்தை வெளியேற்றும் மருந்து தேவைப்படும். விளக்கெண்ணெய் கொடுத்துக் கழிய வைத்தால் இரத்தத்தில் கலந்த ஈயம் போகாது. இரும்புச் சத்து குறைந்த உடம்பு ஈயத்தைக் கூடுதலாக இழுக்கும் என்பதால், இரத்தசோகையையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

உங்களுக்கும் இந்தப் பரிசோதனை வேண்டும். எலும்பில் பல ஆண்டுகள் தங்கிய ஈயம் கர்ப்ப காலத்தில் இரத்தத்துக்குத் திரும்பி, கருவையும் எட்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் இரும்பு, கால்சியம் மாத்திரைகளைத் தவறவிடாதீர்கள். முருங்கைக்கீரையும் கேழ்வரகும் நெல்லிக்காயும் சேருங்கள்.

மீன் விஷயத்தில் கவலை ஈயமல்ல, பாதரசம். அது பெரிய மீன்களின் சதையில்தான் அதிகம் சேரும். சூடை, நெத்திலி, காரல் போன்ற சிறு மீன்கள் கருவின் மூளைக்கு நல்லவை, தாராளமாகச் சாப்பிடுங்கள். சுறா போன்ற பெரிய மீன்களைத் தவிருங்கள். பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறா கொடுப்பது நம் வீடுகளில் அன்பான வழக்கம். பிரசவத்துக்குப் பின் மாமியார் சுறாப்புட்டு வைக்க வந்தால், அன்றைக்கு நெத்திலிக் குழம்பு வைத்துத் தரும்படி அவரிடம் கேளுங்கள்.